ஜூன் 24: மூவர் பிறந்த நன்னாள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

'இசை வரலாற்றில் ஒரு நாள்' என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் புலவன் அல்லேன். இசை இலக்கணம் முறையாகக் கற்றவனும் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தனாகப் பணியாற்றி வருபவன். ஆயினும், எழுத்தர் தொழிலில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேதி இடாத கடிதத்தை நாங்கள் கடிதமாகவே மதிப்பதில்லை. ஆகவே, ஒரு தேதியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் கீழ் வரவு வைக்கவேண்டிய பெயர்கள் எவை என்று பார்ப்பதே என்போன்றோர்க்கு ஏற்ற வழி என்று துணிந்தேன். அவ்வாறு யான் எடுத்துக்கொண்ட தேதி ஜூன் 24.

1897ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், அக்காலத்துப் பரோடா சமஸ்தானத்தில், காம்பத் நகருக்கு அணித்தான ஜஹாஜ் என்னும் சிற்றூரில் பண்டித ஓங்காரநாத் டாகூர் பிறந்தார். 1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகே சிறுகூடல்பட்டியில் முத்தையா என்னும் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பிற்காலத்தில் கவிஞர் கண்ணதாசன் ஆயிற்று. 1928ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், பாலக்காட்டைச் சார்ந்த எலப்புள்ளியில் எம். எஸ். விசுவநாதன் பிறந்தார். 1928 லீப் ஆண்டு. ஆதலால் கவிஞர்க்கும் இசையமைப்பாளர்க்கும் இடையேயுள்ள வயது வேறுபாடு 366 நாட்கள். எழுத்தன் அல்லவா, கணக்கைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்!

ஒரே நாளில் பிறந்தமையால்தான் இவர்கள் பெருமை பெற்றார்கள் என்று யான் கூற வரவில்லை. அதே நாளில் பிறந்து, பெயர் விளங்காமல் வாழ்ந்து மறைந்தவர்கள் எண்ணற்றவர்கள். நாள் என்பது சுவரில் அடித்த ஆணி போன்றது. ஆணிக்குத் தனிப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால், படத்தை மாட்டிவைக்க ஓர் ஆணி வேண்டும் அன்றோ? நம் மனம் மறதி நிறைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நம்மை இழுத்து நிறுத்தி நினைவூட்டும் பணியை நாட்காட்டி செய்கிறது. அப்பணிக்கு இந்த ஜூன் 24 மிகப் பொருத்தமானது என்பதே என் கருத்து. ஏன் பொருத்தமானது என்பதை மூவரின் வாழ்க்கையையும் நோக்கியே காணலாம்.

முதற்கண், நாம் குடியிருக்கும் இந்தக் குஜராத்து மண்ணின் மைந்தரை வணங்குவோம். நாம் சூரத்துக்குச் செல்லும் வழியில் நருமதையாற்றைக் கடக்கும்பொழுது பரூச் என்னும் நகரைக் காண்கிறோம். ஓங்காரநாத் டாகூர் வளர்ந்தது அவ்வூரிலேதான். தந்தையார் துறவு பூண்டு குடும்பத்தை நீங்கிவிட, இளம்பருவத்திலேயே தாயாருக்குத் துணையாக உழைக்கவேண்டிய நிலைமை அவருக்கு வாய்த்தது. அவருடைய குரலின் இனிமையை உணர்ந்த பார்சிச் செல்வர் ஒருவர் பொருளுதவி செய்து, பம்பாயில் விஷ்ணு திகம்பர் பலூஸ்கரின் கந்தர்வ மகாவித்யாலயத்தில் சேர்ப்பித்தார். வறுமையிற் பிறந்த அந்தப் பிள்ளை பிற்காலத்தில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இசைப் புலத்தின் முதல் தலைவராக அமர்ந்தார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் காலையில், விடுதலை பெற்ற பாரதம் அகில இந்திய வானொலியில் கேட்ட 'வந்தே மாதரம்' அவர் குரலில் ஒலித்தது. 1955இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1967 டிசம்பரில் இறைவனடி சேர்ந்தார்.

அடுத்து, கண்ணதாசன். அவருடைய பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பத்திரிகை அலுவலகங்களில் பணிபுரிந்தும், பல ஊர்களில் அலைந்தும் தமிழைத் தாமே கற்றுக்கொண்டார். 1949ஆம் ஆண்டு ஜூபிடர் நிறுவனத்தார் வெளியிட்ட 'கன்னியின் காதலி' என்னும் படத்திற்கு அவர் எழுதிய பாடலே அவருடைய முதல் திரைப் பாடல். அதற்குப் பின்னர் 1981 வரையில் அவர் பேனா ஓயவில்லை. பாடலாசிரியர்க்கென இந்திய அரசு முதன்முதலாக வழங்கிய தேசிய விருது, 'குழந்தைக்காக' என்னும் தமிழ்ப் படத்தின் பாடலுக்காக, 1968ஆம் ஆண்டிற்குரியதாக அவரையே சேர்ந்தது. இந்தியாவின் எத்தனையோ மொழிகளில் எத்தனையோ கவிஞர்கள் பாடல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அந்த முதல் விருது எட்டாம் வகுப்புப் படித்த ஒரு தமிழ்க் கவிஞரிடம் வந்தது என்பதை, வேற்று மாநிலத்தில் வாழும் நாம் சற்றுத் தலைநிமிர்ந்தே சொல்லலாம். 1980இல் 'சேரமான் காதலி' என்னும் புதினத்திற்காகச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார்.

மூன்றாமவர் விசுவநாதன். நான்கு வயதில் தந்தையை இழந்தவர். பாட்டனார் வீட்டில் வளர்ந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். அவருடைய தாய்மொழி மலையாளம். அவர் பிறந்த காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் கேரளத்தோடு இணைந்தது. பிழைப்பைத் தேடி வந்த அவர் எடுபிடி வேலையில் தொடங்கியதும் அதே ஜூபிடர் நிறுவனத்தில்தான். எஸ். எம். சுப்பையா நாயுடுவிடமும், பின்னர் சி. ஆர். சுப்பராமனிடமும் உதவியாளராக இருந்து தொழில் கற்றார். 1952இல் சுப்பராமன் இளவயதிலேயே காலமானார். அவருடைய குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த திருச்சிராப்பள்ளி டி. கே. ராமமூர்த்தியும் விசுவநாதனும் ஒன்று சேர்ந்தனர். அவ்வாண்டே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தின் வாயிலாக 'விசுவநாதன் - ராமமூர்த்தி' என்னும் இரட்டைப் பெயர் திரையில் ஏறிற்று. 1965 வரையில் அந்த இணை நீடித்தது. 1963இல் சென்னை நகர் அவர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டத்தைச் சூட்டிற்று.

மூவர் வாழ்விலும் ஒரு பொதுமையைக் காண்கின்றோம் அல்லவா? இளமையில் வறுமை அல்லது அலைச்சல். நீண்ட பள்ளிப் படிப்பின்மை. 'நீ இங்கே வந்து உட்கார்' என்று யாரோ ஒருவர் இடங்கொடுத்தமை. இசை வரலாற்றில் அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் சிறிய எழுத்துக்களிலேயே அச்சாகின்றார். ஆனால் அவர் இல்லையேல் வரலாறே இல்லை.

இனி, கவிஞரும் இசையமைப்பாளரும் சேர்ந்து பாட்டை எவ்வாறு ஆக்கினார்கள் என்பதைச் சற்றுக் காண்போம். பாட்டு எழுதிய பின் மெட்டு அமைப்பது ஒரு முறை. மெட்டு அமைந்த பின் அதற்குச் சொல் பொருத்துவது மற்றொரு முறை. பின்னைய முறையில், இசையமைப்பாளர் ஆர்மோனியப் பெட்டியின் முன் அமர்ந்து 'தன னன னானா' என்று மெட்டைப் பாடிக் காட்டுவார். கண்ணதாசன் சிந்தித்துச் சொற்களை வாயாற் சொல்ல, உடனிருக்கும் உதவியாளர் எழுதிக்கொள்வார். அவருடைய தமையனார் மகனாகிய பஞ்சு அருணாசலம் அவ்வாறு உதவியாளராக இருந்து, பின்னர்த் தாமே பாடலாசிரியராகவும் கதாசிரியராகவும் விளங்கினார்.

இது எளிதன்று. தமிழில் குறிலும் நெடிலும் வெறும் ஓசை வேறுபாடு அல்ல, பொருள் வேறுபாடு. மெட்டில் சுரம் நீண்டு நிற்கும் இடத்தில் குறில் எழுத்து வந்து விழுந்தால், பாடுபவர் அதனை இழுத்தே தீரவேண்டும். இழுத்தால் 'மலை' என்பது 'மாலை' ஆகிவிடும். 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். 'வடை' என்பது 'வாடை' ஆகிவிடும்! ஆகவே, மெட்டு நீளும் இடத்தில் நெடிலும், ஓடும் இடத்தில் குறிலும் அமையச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதே வேளையில் கதையின் பொருளும் கெடலாகாது. எதுகையும் மோனையும் இடம் தேடி வந்து அமரவேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, செய்ததே தெரியாமல் இருக்கவேண்டும். ஒரு தட்டில் சொல், மறு தட்டில் சுரம். தராசின் முள் அசையாமல் நின்றால்தான் அது பாட்டு.

1958இல் கண்ணதாசன் தாமே படமெடுக்கத் துணிந்து 'மாலையிட்ட மங்கை'யை உருவாக்கியபொழுது இசையமைத்தவர்கள் இவ்விருவரே. 1961இல் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்னும் மூன்று படங்கள் ஓராண்டிலேயே வந்தன. 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தது. 1964இல் வந்த 'கர்ணன்' படத்தில் இந்துஸ்தானி இராகங்களின் சாயலைத் தமிழ்ச் சொற்களுக்குப் பொருத்தினார்கள். வடக்கும் தெற்கும் அங்கே கைகோத்தன. ஓங்காரநாத் டாகூர் போன்றோர் காத்து வளர்த்த இசை மரபின் மணம் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கொட்டகைகளிலும் வீசிற்று என்று கூறினால் அது மிகையாகாது.

பாடியவர்களையும் எண்ணிப் பாருங்கள். பி. சுசீலா விசயநகரத்தில் பிறந்த தெலுங்கர். பி. பி. ஸ்ரீநிவாஸ் காக்கிநாடாவில் பிறந்தவர். டி. எம். சௌந்தரராஜன் மதுரையில், சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். அச்சமூகத்தார் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சௌராஷ்டிரத்திலிருந்து தெற்கே பெயர்ந்தவர்கள் எனத் தம் வரலாற்றைக் கூறுவர். அங்ஙனமாயின், இன்று நாம் இங்கு வந்திருப்பதுபோல் அன்று அவர்கள் அங்குச் சென்றார்கள். சென்றவர்களின் வழித்தோன்றல் ஒருவர், தமிழின் உச்சரிப்புக்கு இலக்கணமாகக் காட்டத்தக்க குரலைத் தமிழுக்குத் தந்தார். குடிபெயர்ந்தோர் தாம் புகுந்த மண்ணுக்கு என்ன கொடுக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இன்னும் ஒன்று. இந்த விழாவின் தொடக்கத்தில் நாம் அனைவரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். அந்தச் சொற்கள் 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடக நூலிலுள்ளவை. அதனை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையிற் பிறந்து, திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆசிரியராக வாழ்ந்தவர். 1970இல் தமிழ்நாட்டு அரசு அதனை அரசு விழாக்களுக்குரிய வாழ்த்துப் பாடலாக ஏற்றபொழுது, மோகன இராகத்தில் இசை வடிவம் தந்தவர் ஜூன் 24இல் பிறந்த நம் விசுவநாதன். 2021 டிசம்பரில் அது தமிழ்நாட்டின் மாநிலப் பாடல் என்று அறிவிக்கப்பெற்றது. சொல் தந்தவர் பிறந்தது ஆலப்புழை. இசை தந்தவர் பிறந்தது பாலக்காடு. இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே பிறந்த இருவரின் கொடையைத்தான் தமிழர் அனைவரும் எழுந்து நின்று பாடுகின்றோம். 'ஊரை விட்டு வந்துவிட்டோம். இனி நம்மால் தமிழுக்கு என்ன ஆகும்?' என்று சோர்ந்து பேசும் நண்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அவையோரே! இதுவரை கூறியது மகிழ்ச்சிக்குரியது. இனிக் கூறப்போவது கவலைக்குரியது.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டுக்கள் தெரியும். இன்று மாலை இதே மேடையில் அவர்கள் பாடுவதை நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். ஆனால், அவர்கள் கையிலிருக்கும் தாளை வாங்கிப் பாருங்கள். பாட்டு ஆங்கில எழுத்தில் இருக்கும். அல்லது குஜராத்தி எழுத்தில் இருக்கும். ஆங்கில எழுத்தில் 'வலி', 'வளி', 'வழி' ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுவது எளிதன்று. குஜராத்தி எழுத்தில் லகரமும் ளகரமும் உண்டு. நம் ழகரம் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் தனித்தனி எழுத்தும் இல்லை. 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஒன்றாகிவிடும். கண்ணதாசன் எந்தக் குறிலையும் நெடிலையும் தராசில் நிறுத்துத் தந்தாரோ, அந்த வேறுபாடு தாளில் ஏறும்பொழுதே அழிந்துவிடுகிறது. எஞ்சுவது ஓசை மட்டுமே. ஒரு தலைமுறை ஓசையைப் பாடும். அடுத்த தலைமுறைக்கு அதுவும் இராது.

பெயர்களின் நிலைமையும் அவ்வாறே. முன்னாளில் வானொலியில் பாட்டு ஒலிபரப்பும்பொழுது படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகிய நான்கையும் அறிவிப்பாளர் முறையாகச் சொல்வார். கேட்டுக் கேட்டே மக்கள் மனப்பாடம் செய்தார்கள். இன்று கைபேசியைத் தொட்டால் பாட்டு வருகிறது. பெயரைச் சொல்ல ஆளில்லை. ஆகவே, நடித்தவர் பெயரால் 'இன்னாருடைய பாட்டு' என்று பிள்ளைகள் கூறுகிறார்கள். உழுதவன் பெயரும் விதைத்தவன் பெயரும் போய், உண்டவன் பெயர் மட்டும் நிற்கிறது. இத்தனை ஆயிரம் உள்ளங்களை உருக்கிய விசுவநாதன், பத்ம விருது ஒன்றையும் பெறாமலே 2015 ஜூலை 14ஆம் நாள் மறைந்தார். விருது கொடுப்பது நம் கையில் இல்லை. பெயரைச் சொல்வது நம் கையில் இருக்கிறது.

'சினிமாப் பாட்டுக்காகவா சங்கம் பாடுபட வேண்டும்? திருக்குறளும் தேவாரமும் இல்லையா?' என்று வினவும் பெரியோர்களும் இவ்வவையில் உள்ளனர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. திரைப்பாட்டெல்லாம் இலக்கியம் என்று யான் வாதாட மாட்டேன்; பதரும் அதில் மிகுதி. ஆனால், வீட்டுக்குள் செல்ல வாயிற்படி ஒன்று வேண்டும். அயல் மண்ணில் பிறந்து, அயல்மொழிப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குத் திருக்குறள் நடுக்கூடம், பாட்டு வாயிற்படி. வாயிற்படியிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்பது உண்மை. வாயிற்படியை இடித்துவிட்டால் உள்ளே யாரும் வரமாட்டார்கள் என்பதும் உண்மை.

ஆகவே, நம் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். ஆண்டுதோறும் ஜூன் 24ஆம் நாளை நம் சங்கம் 'பாட்டு நாள்' எனக் கொண்டாடுதல் வேண்டும். பெரிய பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை. இம்மண்டபமும் ஓர் ஆர்மோனியமும் போதும். விதிகள் மூன்று. முதலாவது: பாட வரும் பிள்ளை அப்பாட்டைத் தன் கையால் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வரவேண்டும், பிழையிருந்தால் அன்போடு திருத்துவோம், பரிசைக் குறைக்க மாட்டோம். இரண்டாவது: பாடுவதற்கு முன் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைச் சொல்லி, பாட்டின் பொருளைத் தன் சொற்களில் நான்கு வரி கூறவேண்டும். மூன்றாவது: அன்று நம் குஜராத்தி அண்டை வீட்டாரையும் அழைக்கவேண்டும், ஓங்காரநாத் டாகூரின் நினைவாக அவர்களுள் ஒருவர் பாட, நாம் அமர்ந்து கேட்கவேண்டும். நாளில் அவருக்கும் பங்குண்டு; மண்ணில் அவர்களுக்கே முதற்பங்கு.

எழுதத் தெரியாத பிள்ளை என்ன செய்யும் என்று கேட்கலாம். அதற்காகத்தான் நாளை முன்னதாகவே குறித்துவைப்பது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஜூன் மாதத்திற்குள் ஒரு பாட்டை எழுதிவிட இயலாதா? நெடுங்கணக்கைத் தொடக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யச் சொன்னால் ஓடும் குழந்தை, தான் பாடும் பாட்டின் எழுத்து என்றால் ஓடாது. கற்பிக்க முன்வருவோர் பெயர்ப்பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டம் பெற்றவர்கள் என்னைப் பின்தொடர்ந்தால் அது எனக்குப் பெருமை.

1927உடன் நூறு கூட்டினால் 2027. 1928உடன் நூறு கூட்டினால் 2028. அடுத்தடுத்த இரு ஜூன் 24களில் கவிஞர்க்கும் இசையமைப்பாளர்க்கும் நூற்றாண்டுகள் நிறைவுறுகின்றன. அந்நாட்களில் தலைநகரங்களில் பெருவிழாக்கள் நடக்கலாம். சிலைகளுக்கு மாலைகள் விழலாம். நம் சிறு சங்கம் அவற்றோடு போட்டியிட வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் தம் கையெழுத்தில் எழுதிய பாட்டுத் தாள்களை வரிசையாக இச்சுவரில் ஒட்டிவைப்போம். ஒவ்வொரு தாளின் அடியிலும் இயற்றியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும், எழுதிய பிள்ளையின் பெயரும், தேதியும் இருக்கட்டும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!